இருபத்தைந்து ஓம் பக்கம்

பெங்களூரிலிருந்து வந்த சோதனை அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் சிவப்பில் இருந்தது. ‘கப்ளர் கசிகிறது. நிராகரிக்கலாம்.’ குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஜன்னலைச் சாத்தியிருந்தும் சாரல் உள்ளே வந்து மேசை ஓரம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

என் கப்ளர் கசியவில்லை. கசிகிறது என்று எழுதியவன் அதைத் தப்பாக மாட்டியிருந்தான். இந்த ஒரு விஷயத்தை என் அலுவலகத்துக்குப் புரியவைக்க அந்த அருவி சீசன் முழுக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நான் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் என்றால் எல்லோரும் சோறு சூடாக்கும் பெட்டியை நினைக்கிறார்கள். அது இல்லை. செல்போன் கோபுரத்திலும் ரேடாரிலும் ஓடுகிற அலை. அந்த அலையைப் போர்டு என்கிற பலகையின் மேல் ஓட்டுவதற்குச் செம்புப் பட்டைகளால் பாதை போடுவேன். கப்ளர் என்பது அப்படிப்பட்ட ஒரு பாதை. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய சதுரம், நாலு மூலையில் நாலு வாசல். முதல் வாசலில் அலையைக் கொடுத்தால் எதிர்ப்பக்கத்து இரண்டு வாசல்களிலும் பாதிப் பாதியாக வெளியே வரும். நாலாவது வாசலில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் அதைத்தான் கசிவு என்கிறார்கள்.

ஒவ்வொரு பாதைக்கும் ஓம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே ஓமில் போகும்வரை அலை பேசாமல் போகும். ஓம் மாறுகிற இடத்தில் அதில் ஒரு பகுதி முட்டித் திரும்பும். எங்கள் தொழிலில் எல்லாமே ஐம்பது ஓம். கேபிள் ஐம்பது, அளக்கும் கருவி ஐம்பது, இணைப்பான் ஐம்பது. ஆனால் சக்தியைப் பெருக்கித் தருகிற டிரான்சிஸ்டர் அந்த ஐம்பதுக்கு ஒத்துவராது. நாங்கள் அப்போது ஒரு வாடிக்கையாளருக்குச் செய்துகொண்டிருந்த பெருக்கிப் பெட்டியில் இருந்த இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் இருபத்தைந்து ஓம்தான் வேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், ஐம்பது ஓமில் ஒரு கப்ளர் போட்டு அலையைப் பிரித்து, அதற்குப் பிறகு ஐம்பதை இருபத்தைந்தாக இறக்குவதற்கு இரண்டு பட்டைகள் தனியாகப் போடுவார்கள். பலகை நீண்டுவிடும். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பெட்டியோ சின்னது.

நான் இரண்டு வேலையையும் ஒன்றாக்கினேன். கப்ளரே பிரிக்கும், கப்ளரே ஓமையும் இறக்கும். உள்ளே வரும் பக்கம் ஐம்பது, வெளியே போகும் பக்கம் இருபத்தைந்து. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் காகிதத்தில் இருப்பதைப் பலகையில் கொண்டுவருவது வேறு. வெளியே போகும் பக்கத்துப் பட்டைகள் தடித்தடியாக அகன்றுவிடும். மூலையில் இரண்டு தடிப் பட்டைகள் சேரும் இடத்தில், பட்டையின் நீளத்தை எங்கிருந்து எங்கு வரை அளப்பது என்பதே குழப்பம். வரைந்து, கணினியில் ஓட்டி, அழித்து, மறுபடி வரைந்தேன். மூலையைச் சீவினேன். பட்டையை அரை மில்லிமீட்டர் குறைத்தேன். கடைசியில் சரியாக வந்தது. எனக்குத் தெரியும் அது சரி என்று.

அது சரி என்பது எனக்குப் பெருமைக்காக வேண்டியிருக்கவில்லை. நான் மேலகரத்தில் இருப்பதே அதை நம்பித்தான் இருந்தது. கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ. மகள் தென்காசியில் பத்தாம் வகுப்பு. அம்மா இருப்பதால் வீடு ஓடுகிறது. நிறுவனம் எல்லோரையும் பெங்களூருக்குத் திரும்பச் சொல்லியிருந்தது. என் மேலாளர் மட்டும், “உங்க கப்ளர் பெட்டிக்குள்ள போயிடுச்சுன்னா, நீங்க அங்கிருந்தே பண்ணலாம்னு நான் மேல பேசறேன். இல்லேன்னா என்னால முடியாதும்மா,” என்று சொல்லியிருந்தார். இல்லையென்றால் பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளையைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். அல்லது பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போக வேண்டும். இரண்டும் எனக்கு முடியாது.

அறிக்கை வந்ததும் சோதனைப் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்தது இளவயசுப் பையன், சேலம் பக்கம். மரியாதையாகப் பேசுவான். அந்த மரியாதைதான் என்னை இன்னும் கடுப்பாக்கும்.

“தம்பி, ரெண்டாவது, மூணாவது போர்ட்டுல என்ன லோடு போட்டீங்க?”

போர்ட் என்றால் வாசல். லோடு என்பது அதில் திருகி மாட்டும் சின்னப் பித்தளை மூடி. அளக்காத வாசல்களை அதைப் போட்டு மூடுவோம். வருகிற அலையை அது விழுங்கிவிடும், ஓம் பொருந்தினால்.

“வழக்கமா போடுறதுதான் மேடம். ஐம்பது ஓம்.”

“அது இருபத்தஞ்சு ஓம் போர்ட்.”

“ஆமா மேடம், டிராயிங்ல பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“எங்ககிட்ட இருபத்தஞ்சு ஓம் லோடு இல்லையே மேடம்.”

“இல்லேன்னா?”

“இருந்ததைப் போட்டோம்.”

அவன் பொய் சொல்லவில்லை. இருந்ததைப் போட்டிருக்கிறான். இருபத்தைந்து ஓம் வாசலில் ஐம்பது ஓம் மூடியைப் போட்டால், வருகிற அலையில் மூன்றில் ஒரு பங்கு முட்டித் திரும்பும். சக்தியில் அது ஒன்பதில் ஒரு பங்கு. திரும்பியது வந்த வழியே போகாது. கப்ளரின் குணப்படி இரண்டு பக்கத்திலிருந்து திரும்புவதும் சேர்ந்து நாலாவது வாசலில் போய் விழும். அறிக்கையில் நாலாவது வாசலில் எவ்வளவு இருந்தது? ஒன்பதில் ஒரு பங்கு. அச்சு அசலாக. என் வடிவமைப்பில் கோளாறு இருந்தால் இவ்வளவு சுத்தமாக வராது. கண்டபடி வரும். அவர்கள் குறை என்று எழுதியதுதான் அது சரியாக இருப்பதற்குச் சாட்சி.

இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினேன். படம் போட்டு எழுதினேன். என்னிடம் கைக்கடக்கமான மலிவு விலை அனலைசர் ஒன்று உண்டு, அலையை அளக்கும் கருவி. அதை வைத்து நாலு வாசலையும் இரண்டிரண்டாக அளந்து, வந்த எண்களை இருபத்தைந்து ஓமுக்கு மாற்றும் கணக்கையும் போட்டு அனுப்பினேன். கணக்கின்படி நாலாவது வாசலில் ஒன்றுமே இல்லை.

பதில் வந்தது. ‘கணக்குப் போட்டு வருவதை ஏற்பதில்லை. கருவியின் திரையில் நேரடியாகத் தெரிய வேண்டும். இது நடைமுறை.’

மேலாளரைக் கூப்பிட்டேன்.

“கணக்கெல்லாம் சரியாத்தாம்மா இருக்கும். நான் இல்லேங்கல. ஆனா கஸ்டமர் வந்தா ஸ்கிரீனைத்தானே பாப்பான்? சாதாரண கப்ளர் ஒண்ணு இங்கயே பண்ணி வச்சிருக்காங்க. அது ஐம்பதுல அழகா தெரியுது.”

“அது பெட்டிக்குள்ள போகாது சார். மூடி சாத்தாது.”

“பெட்டியைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் கேக்கலாம்.”

“போன மாசம் பெட்டியைப் பெருசு பண்ண முடியாதுன்னுதானே என்னை இதைப் பண்ணச் சொன்னீங்க?”

அவர் பேச்சை மாற்றினார்: “அது இருக்கட்டும்மா. அங்க தண்ணி விழுதா?”

தென்காசிப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். ஆனி பிறந்துவிட்டால் போதும். பத்து வருஷம் பேசாதவன் பேசுவான். கல்லூரியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் செய்தி அனுப்புவாள். நலமா என்று ஒரு வரி, தண்ணீர் விழுகிறதா என்று அடுத்த வரி. விழுகிறது என்றால் லாட்ஜ் கிடைக்குமா. லாட்ஜ் இல்லை என்றால் உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறதா. வேனில் வருவார்கள், ஈரத் துணியை நம் கொடியில் போடுவார்கள், ரம்புத்தான் தோலை வாசலில் துப்புவார்கள், போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. என் அண்ணன் போலீஸ். சீசனில் அவனுக்கு அருவிக்கரையில்தான் பந்தோபஸ்து. அது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

மேலாளருக்கும் தெரிந்திருந்தது. “நான் ஃபேமிலியோட வரலாம்னு இருக்கேன். சைட் விசிட் மாதிரி வச்சுக்கலாம். உங்க போர்டையும் பாத்துடலாம். உங்க அண்ணன் அங்கதானே டூட்டி?” என்றார்.

என் போர்டைப் பார்ப்பதற்குக் குற்றாலத்தில் குளிக்க வேண்டியிருக்கிறது. சரி, எப்படியோ வந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எந்தக் கப்ளர் என்று முடிவு செய்யப் போகிறார்கள். சனிக்கிழமை அவர் குற்றாலத்தில் இருப்பார். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, ஈர பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க மேனேஜர் வாராரு. கொஞ்சம் கூட்டமில்லாம குளிக்கணுமாம்.”

“கூட்டமில்லாம குளிக்கணும்னா அவரு வீட்டு பாத்ரூம்ல குளிக்கச் சொல்லு.”

“அண்ணே, என் வேல அவர் கையில இருக்கு.”

“ஏட்டி, நான் அங்கன விசில் ஊதுத வேல பாக்குதேன். அருவி எனக்கா சொந்தம்? ஒங்க ஆபீசருக்குத் தண்ணி தொறந்துவிட மேல நான் மோட்டாரா போட்டு வச்சிருக்கேன்? வரிசையில வரச் சொல்லு. அடச்சிருக்கா தொறந்திருக்கான்னு வேணா போன்ல சொல்லுதேன். அதுவும் ஒனக்காக.”

அம்மா அடுப்படியிலிருந்து, “வாரவுகளுக்குச் சொதி வைக்கட்டா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் வைக்காண்டாம்,” என்றேன்.

“நல்ல மொறடி ஒனக்கு. வேலையும் வேணும், சோறும் போட மாட்டா.”

மாடிக்கு வந்து போர்டை வெறித்துக்கொண்டிருந்தேன். திரையில் தெரிய வேண்டுமாம். திரைக்குத் தெரிந்தது ஐம்பது மட்டும். இருபத்தைந்து ஓம் லோடு கடையில் கிடைக்காது. நானே செய்து மாட்டினால், அந்த லோடு சரியா என்று அதற்கு ஒரு அறிக்கை கேட்பான். அப்படியானால் இருபத்தைந்து வெளியே தெரியவே கூடாது. அதை நடுவில் ஒளித்துவிட வேண்டும்.

என்னிடம் இரண்டு போர்டுகள் இருந்தன, ஒரே மாதிரி. ஒன்றை நேராக வைத்து, இன்னொன்றைத் திருப்பி, இருபத்தைந்து ஓம் பக்கமும் இருபத்தைந்து ஓம் பக்கமும் முட்டும்படி ஒட்டவைத்தால்? முதல் கப்ளர் ஐம்பதிலிருந்து இருபத்தைந்துக்கு இறக்கும், இரண்டாவது திரும்ப ஐம்பதுக்கு ஏற்றும். வெளியே நாலு வாசலும் ஐம்பது. அதற்கு மேலும் ஒரு வசதி இருந்தது. முதலாவது பாதிப் பாதியாகப் பிரித்ததை இரண்டாவது கப்ளர் மறுபடி சேர்க்கும். சேர்ந்தது மொத்தமும் குறுக்கே எதிர்மூலையில் உள்ள ஒரே வாசலில் வெளியே வரும். மற்ற இரண்டில் ஒன்றும் வராது. இரண்டு கப்ளரில் எது தப்பாக இருந்தாலும் இது நடக்காது. கணக்கே வேண்டாம். கண்ணிருந்தால் போதும்.

இது ஏன் எனக்கு முதல் நாளே தோன்றவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. பிறகு, நான் ஏன் இதையெல்லாம் செய்ய வேண்டும், சரியான லோடு வாங்கிப் போடுவது அவர்கள் வேலைதானே என்று திரும்ப அவர்கள் மேல் வந்தது.

போர்டின் ஓரத்தில் இணைப்பான்கள் இருந்த பகுதியை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆக்சா பிளேடால் அறுத்தேன். அந்தத் தூள் கண்ணாடி நார்த் தூள், பட்ட இடம் அரிக்கும். கொல்லையில் உட்கார்ந்து அறுக்கப் போனால் சாரல். நடையில் உட்கார்ந்தால் அம்மா.

“சோறு வடிக்கிற எடத்துல என்னட்டி அது தூளு?”

“அறுத்துட்டுத் தூத்திருதேன்.”

“ஆபீஸ் சாமான அறுக்குதியே, கேக்க மாட்டானா?”

“கேக்கட்டும்.”

அரத்தால் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கி, இரண்டையும் முட்டவைத்து, மேலே செம்புத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். தடிப் பட்டை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் லேசில் உருகாது. உருகி வரும் நேரத்தில் காற்றுக்குக் கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. சீசன் காற்றில் எங்காவது ஒரு கிளை கம்பியில் விழுந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க இதே கதை. ஒருவழியாக ஒட்டி முடித்து அனலைசரை மாட்டினேன்.

கேவலமாக இருந்தது. எதிர்மூலையில் பாதி கூட வரவில்லை. எல்லா வாசலிலும் கொஞ்சம் கொஞ்சம் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சேலத்துப் பையன் பார்த்திருந்தால் இன்னொரு சிவப்பு வரி எழுதியிருப்பான். கப்ளரே உண்மையில் கெட்டதுதானோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. மகள் மேலே வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். காரணமில்லாமல் அவள் மேல் கத்தினேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

போர்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மேலே பட்டைகளை ஒட்டியிருந்தேன். அடியில் முழுச் செம்பு, அதுதான் தரை. அதில் ஒரு ஓரத்தில் மட்டும் ஈயம் பிடித்திருந்தது, மீதி நீளத்துக்கு மயிரிழை இடைவெளி. மேலே போகிற அலைக்குக் கீழே தரையும் தொடர்ந்து இருக்க வேண்டும். செம்புத் தகட்டை நீளமாக வெட்டி, அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விடாமல் பற்றவைத்தேன். திரும்ப மாட்டினேன். திரையில் கோடு ஏறி மேலே போய் அங்கேயே நின்றது. கொடுத்தது மொத்தமும், போர்டு தின்கிற கொஞ்சத்தைத் தவிர, எதிர்மூலையில் வந்தது. மற்ற இரண்டு வாசலிலும் கோடு திரையின் அடியோடு கிடந்தது. கீழே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மேலாளர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். ஐந்தருவி போகும் வழியில் இருந்தது. மேலே காட்டில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது என்று காலையிலேயே குளிக்க விடாமல் அடைத்துவிட்டார்கள். ஐந்தருவியும் அடைப்பு. லாட்ஜ் வராந்தா முழுக்கத் துண்டும் வாளியுமாக ஜனங்கள் கடுப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். மேலாளர் அதற்குள் எண்ணெய் மசாஜை முடித்துவிட்டிருந்தார். கைலி, தோளில் துண்டு, தலையிலிருந்து கால் வரை எண்ணெய் வழிகிறது. உட்காரவும் முடியவில்லை, கட்டிலில் சாயவும் முடியவில்லை.

“வாங்கம்மா. என்ன இது, இப்படி அடைச்சு வச்சுட்டாங்க? உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை...”

“தண்ணி கொறஞ்சாத்தான் சார் விடுவாங்க. அதுவரைக்கும் இதைப் பாருங்க.”

அங்கே கிடந்த ஸ்டூலில் போர்டையும் அனலைசரையும் வைத்தேன். அவர் கையை நீட்டினார்.

“எண்ணெக் கையோட தொடாதீங்க சார்.”

அவர் மனைவி சிரித்துவிட்டார். மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் அதிகம் பேசவில்லை. நாலு வாசலையும் காட்டினேன். நாலும் ஐம்பது ஓம், உங்கள் லோடு, உங்கள் கேபிள், கணக்குக் கிடையாது, திரை மட்டும் என்றேன். அலையை விட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் அந்த மனுஷனுக்கு வேலை தெரியும்.

“எல்லாம் இங்கயே வந்துடுச்சே,” என்றார் கடைசியில்.

“ஆமா சார்.”

“மத்த ரெண்டையும் காட்டுங்க.”

மாற்றி மாட்டிக் காட்டினேன்.

“அப்ப அவன் சொன்ன கசிவு?”

“லோடு சார். ரெண்டு வாரமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

“சரிதான்,” என்றார். நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “திங்கட்கிழமை மீட்டிங்ல நான் பேசிக்கறேன். கவலைப்படாதீங்க.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் யார் யார் பேசுவார்கள், இவர் எப்போது வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

“இப்பவே மெயில் போட்டுருங்க சார். கப்ளர் சரி, நான் இங்கிருந்தே வேலை பாக்கலாம்னு. எல்லாருக்கும்.”

“இந்தக் கோலத்துலயா? ரூம்ல லேப்டாப் கூட...”

“போன் இருக்கில்ல சார்.”

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அண்ணன். அருவிச் சத்தத்தில் கத்திப் பேசினான்.

“ஏட்டி, தண்ணி எறங்கிட்டு. பேரருவியில இப்ப விடுதோம். மேல இன்னும் மழ பெய்யுது, எந்நேரமும் திரும்ப அடப்போம். வாரதுன்னா ஒடனே வரச் சொல்லு.”

“சரி,” என்று வைத்தேன்.

“அண்ணனா? என்ன சொன்னார்?” என்றார் மேலாளர்.

“மெயில் போடுங்க சார், சொல்லுதேன்.”

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் நகரவில்லை. ஸ்டூலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் மனைவிதான், “போட்டுட்டு வாங்களேன். எண்ணெயோட எவ்வளவு நேரம் நிக்கறது? பசங்க வேற உயிரை எடுக்கறாங்க,” என்றார்.

துண்டில் விரலைத் துடைத்துத் துடைத்து அவர் டைப் பண்ணினார். அனுப்பும் முன் என்னிடம் காட்டச் சொன்னேன். கடைசிப் பத்தியில் நான் மேலகரத்திலிருந்தே பணியைத் தொடரலாம், ‘மறுபரிசீலனைக்கு உட்பட்டு’ என்று இருந்தது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு சொற்களையும் தேடிப் பிடிக்கும் அளவுக்கு அலுவலகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. “உட்பட்டு வேண்டாம் சார்,” என்றேன். அழித்தார். அனுப்பினார். மின்னஞ்சல் போன சத்தம் கேட்டது.

“பேரருவி தொறந்துட்டாங்க. திரும்ப அடைக்கறதுக்குள்ள போங்க,” என்றேன். அடுத்த நிமிஷம் அந்தக் குடும்பமே வராந்தாவில் இல்லை.

வீட்டுக்கு வந்துதான் மின்னஞ்சலை முழுசாகப் படித்தேன். லாட்ஜில் என் கண் கடைசிப் பத்தியை விட்டு நகரவில்லை. முதல் பத்தியில் இப்படி இருந்தது: ‘சோதனைப் பிரிவு சுட்டிக்காட்டிய கசிவுக் குறை களையப்பட்டுவிட்டது. திருத்திய கப்ளரை நேரில் பார்த்து உறுதிசெய்தேன்.’

என்ன குறை? எதைக் களைந்தேன்? எதைத் திருத்தினேன்? ஒரு பட்டையை ஒரு மயிரளவு மாற்றவில்லை நான். அறுத்து ஒட்டியதைத் தவிர அது முதல் நாள் இருந்த அதே கப்ளர். இனி அந்த நிறுவனத்தில் யார் எடுத்துப் பார்த்தாலும், இவள் கசிகிற கப்ளர் செய்தாள், சோதனைப் பிரிவு கண்டுபிடித்தது, பிறகு சரிசெய்தாள் என்றுதான் இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஓமும் தெரியாது, கப்ளரும் தெரியாது. ஆனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

“சும்மா இரிட்டி. இங்கனயே இருந்துக்கோன்னு எழுதிக் குடுத்துட்டாருல்லா? அது போதும். வாயக் குடுத்து அதயும் கெடுத்துக்கிடாத.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அனுமதி கிடைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பதிலில் அது போய்விடலாம். மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனைக் கீழே வைத்தேன். எடுத்தேன். பிறகு அந்த மின்னஞ்சலில் இருந்த எல்லோருக்கும் பதில் எழுதினேன். ‘கப்ளர் திருத்தப்படவில்லை. முதலில் இருந்தே சரி. இருபத்தைந்து ஓம் வாசலில் ஐம்பது ஓம் லோடு போட்டு அளந்தது தவறு. திருத்த வேண்டியது சோதனை முறையை.’ அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். குளித்த உற்சாகம் குரலில் பாதி மிச்சமிருந்தது.

“எதுக்கும்மா எல்லாருக்கும் போட்டீங்க? எனக்கு மட்டும் போட்டிருக்கலாமே?”

“நீங்க எல்லாருக்கும்தானே சார் போட்டீங்க?”

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம். நான் காத்திருந்தேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

“திங்கட்கிழமை அவங்க சும்மா விட மாட்டாங்க. நீங்களே லைன்ல வந்து பதில் சொல்லுங்க,” என்றார்.

“சொல்றேன் சார்.”

“சரி,” என்றவர் வைக்கவில்லை. தயங்கினார். “பார்டர் பரோட்டான்னு சொல்றாங்களே, எந்தக் கடைம்மா?”

கேரள எல்லைப் பக்கம், புளியறைக்குப் போகிற வழியில் லாரிகள் நிற்கும் கடையில் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர்கள் சும்மா விடவில்லை. நானும் விடவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் பத்தியை யாரும் மாற்றி எழுதவுமில்லை. ஆனால் ஒட்டிய போர்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, அவர்கள் கேட்ட திரையையும் காட்டிய பிறகு, பெட்டிக்குள் போகப் போவது என் கப்ளர்தான் என்று முடிவானது. அனுமதியை யாரும் தொடவில்லை.

மறுநாள் சேலத்துப் பையன் போன் செய்தான். ஏதாவது வம்புக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

“மேடம், இனிமே ஜோடியா ஒட்டித்தான் டெஸ்ட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஒரு டவுட். ஜோடி ஃபெயில் ஆச்சுன்னா, ரெண்டுல எது கெட்டதுன்னு எப்படி மேடம் தெரியும்?”

அந்த சீசனில் பெங்களூரிலிருந்து எனக்கு வந்த முதல் ஒழுங்கான கேள்வி அதுதான். அதைக் கேட்டவன் இவனாகவா இருக்க வேண்டும் என்று எரிச்சல் வந்தது.

“ஒட்ட வேண்டாம். கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு ஜிக் வரைஞ்சு தர்றேன். ஒரு பக்கம் எப்பவும் நல்ல போர்டு ஒண்ணு, நிரந்தரமா. இன்னொரு பக்கம் வர்ற போர்டை மாத்தி மாத்தி வைங்க. ஃபெயில் ஆனா மாத்தினதுதான் கெட்டது.”

“அந்த நிரந்தர போர்டு நல்லதுன்னு யாரு மேடம் கையெழுத்துப் போடறது?”

“நான் போடுதேன்,” என்றேன்.

“சரி மேடம்,” என்று எழுதிக்கொண்டான். நான் ஜிக்குக்கு அளவெடுக்க உட்கார்ந்தேன். கரண்ட் போனது.